வியர்வைக்குத் தகுந்த உப்பு

வைட்ஃபீல்டில் ஒரே சாலையில் இரண்டு விதமான தாகம் இருக்கிறது. உப்புப் பொட்டலம் போய்ச் சேர்வது தவறான தாகத்துக்கு.

கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் காலை ரயில் பங்காரப்பேட்டை, மாலூர் என்று நின்று நின்று வைட்ஃபீல்டுக்கு வந்து சேரும்போது பெட்டிக்குள் கால் வைக்க இடமிருக்காது. இறங்குபவர்களில் செக்யூரிட்டி உடுப்புக்காரர்கள் உண்டு, ஹவுஸ்கீப்பிங் பெண்கள் உண்டு, கம்பி கட்டுபவர்கள் உண்டு, கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் கம்ப்யூட்டர் இளைஞர்களும் உண்டு. பக்கத்திலேயே மெட்ரோ நிலையம். அங்கிருந்து இறங்கும் கூட்டம் வேறு. தோளில் லேப்டாப் பை, கையில் பளபளக்கும் ஸ்டீல் பாட்டில்.

அந்த ஸ்டீல் பாட்டிலில் இப்போதெல்லாம் வெறும் தண்ணீர் இருப்பதில்லை. ஒரு சிட்டிகை இளஞ்சிவப்பு உப்பு, பாதி எலுமிச்சை, சில சமயம் ஆரஞ்சு வாசனையில் ஒரு எலெக்ட்ரோலைட் பொட்டலம். 'தண்ணீர் மட்டும் குடித்தால் உடம்பில் நிற்காது, உப்பு சேர்க்க வேண்டும்' என்பது புது வேதம். ரயிலில் வந்தவரின் பையிலோ பழைய குளிர்பான பாட்டிலில் குழாய்த் தண்ணீர். உப்பு என்றால் அவருக்கு மத்தியானச் சாப்பாட்டோடு வரும் ஊறுகாய்தான்.

முதலாமவர் அடுத்த ஒன்பது மணி நேரத்தை 24 டிகிரி குளிரில் கழிக்கப் போகிறார். இரண்டாமவர் கூரை போடாத பதினான்காவது மாடியில். இருவரில் உப்பு யாருக்குத் தேவை?

உடம்பின் விஞ்ஞானம் இந்தக் கேள்விக்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டது. வைட்ஃபீல்டின் வாழ்க்கை அதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறது.

பெங்களூருக்கு வெப்பம் என்றாலே சிரித்த காலம் ஒன்று இருந்தது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரம்; மின்விசிறிகூட வேண்டாம் என்பார்கள். 1882-ல் மைசூர் மகாராஜா சாமராஜ உடையார் கொடுத்த நிலத்தில் ஆங்கிலோ இந்தியர்களுக்காக ஒயிட் என்பவர் குடியிருப்பு அமைத்தபோது இது தோட்டமும் காற்றுமாக இருந்த இடம். 2016 ஏப்ரலில் நகரத்தின் வெயில் 39.2 டிகிரியைத் தொட்டது. 2024 ஏப்ரல் கடைசியில் 38.5. அதே கோடையில்தான் போர்வெல்கள் வறண்டு, வைட்ஃபீல்டின் அடுக்குமாடிக் குடியிருப்புகள் டேங்கர் லாரிக்காகக் காத்துக் கிடந்தன. ஆகவே தாகம் இங்கே நிஜமான விஷயம். உப்பைப் பற்றிய கேள்வியும் அப்படியே.

உப்பு இல்லாமல் உடம்பு இல்லை. மருத்துவமனையில் ஏற்றும் சலைன் பாட்டிலில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கிறது. கிட்டத்தட்ட ரத்தத்தின் உப்புத்தன்மை அது. உயிரணுக்களுக்கு வெளியே உள்ள நீரைப் பிடித்து வைத்திருப்பது சோடியம்தான். நரம்பில் செய்தி ஓடவும் தசை சுருங்கவும் அது வேண்டும். சோடியம் கூடினால் தாகம் எடுக்கும். தண்ணீர் உள்ளே போய்க் கணக்கைச் சரி செய்யும். குறைந்தால் அட்ரினல் சுரப்பியிலிருந்து ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் புறப்பட்டுச் சிறுநீரகத்திடம் 'உப்பை வெளியே விடாதே' என்று சொல்லும்.

இந்தச் சிக்கனம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் அத்தாட்சி உண்டு. 32 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் அதிகமானவர்களின் சிறுநீரைச் சேகரித்து நடந்த 'இன்டர்சால்ட்' ஆய்வு 1988-ல் வெளியானது. டெல்லியும் லடாக்கும் அதில் இடம்பெற்றன. பிரேசில் காடுகளில் வாழும் யானோமாமி பழங்குடியினர் நாளுக்கு ஒரு கிராம்கூட உப்புச் சாப்பிடாமல் வேட்டையாடி, நடந்து, பிள்ளை பெற்று வாழ்வதை அது பதிவு செய்தது. அவர்களுக்கு வயது ஏறினாலும் ரத்த அழுத்தம் ஏறுவதில்லை. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு ஏறுகிறது.

யாரும் யானோமாமி ஆக வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு. ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். 2017-18-ல் எடுக்கப்பட்ட தேசிய அளவிலான கணக்கெடுப்பில் இந்தியர் சராசரியாக 8 கிராம் சாப்பிடுவது தெரிய வந்தது. ஆண்கள் 8.9, பெண்கள் 7.1.

மேலை நாடுகளில் உப்பின் பெரும்பகுதி டப்பாவிலும் ரொட்டியிலும் ஒளிந்து வருகிறது. நம் வீட்டிலோ கண்ணெதிரே, சமையல்காரரின் கையால் வருகிறது: சாம்பார், ரசம், பொரியல், சட்னி, தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய், போதாததற்கு அப்பளம், மோர்மிளகாய், கருவாடு. வைட்ஃபீல்ட் வாழ்க்கை அதன்மேல் இன்னொரு அடுக்கைச் சேர்க்கிறது. இரவு பத்து மணிக்குப் பிரிக்கும் ஒரு நூடுல்ஸ் பாக்கெட்டில் அன்றைய ஒதுக்கீட்டில் கிட்டத்தட்டப் பாதி உப்பு இருக்கும்.

அதாவது ஸ்டீல் பாட்டில்காரர் வீட்டைவிட்டுக் கிளம்புமுன்பே அவரது உப்புக் கணக்கு நிரம்பத் தொடங்கிவிடுகிறது. செலவு? குளிரூட்டிய அறையில் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் தெரியாமல் ஆவியாகிப் போகும் நீரில் உப்பு கிடையாது. அவர் இழப்பது வெறும் தண்ணீர். அவருக்கு வேண்டியதும் வெறும் தண்ணீர்தான். தினமும் கால் டீஸ்பூன் உப்பைத் தண்ணீரில் கரைத்தால் ஒன்றரை கிராம் கூடுகிறது. ஏற்கெனவே எட்டில் நிற்பவர் ஒன்பதரைக்குப் போகிறார். சிறுநீரகம் அதையும் வெளியேற்றப் பார்க்கும். வருடக்கணக்கில் அந்த வேலையைச் செய்வதற்கு உடம்பு கொடுக்கும் விலையின் பெயர் ரத்த அழுத்தம். அதற்கு வலி இல்லை. பக்கவாதத்தின் மூலமாகத்தான் பலருக்கு முதல் தகவல் வருகிறது.

இளஞ்சிவப்பு உப்பு சமாசாரத்தையும் தீர்த்துவிடலாம். 'ஹிமாலயன்' என்ற பெயரில் விற்கப்படுவதன் புகழ்பெற்ற பிறப்பிடம் பாகிஸ்தானின் பஞ்சாபில் உள்ள கேவ்ரா சுரங்கம். பாட்டி வைத்தியத்தில் இந்துப்பு என்று நாம் எப்போதோ அறிந்த பாறை உப்புதான். சிந்துவிலிருந்து வந்ததால் அந்தப் பெயர். (2025 மே மாதம் பாகிஸ்தான் சரக்குகளுக்கு இந்தியா முழுத் தடை விதித்தபோது இதன் வரத்தும் சிக்கலுக்குள்ளானது.) அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்குக்கு மேல் சாதாரண சோடியம் குளோரைடு. சிவப்பு நிறம் இரும்புத் துருவின் உபயம். மற்ற தாதுக்கள் உண்மையிலேயே இருக்கின்றன. உடம்புக்கு உதவும் அளவில் அவற்றைப் பெற வேண்டுமானால் உப்பைக் கைப்பிடி கணக்கில் விழுங்க வேண்டியிருக்கும். சமையலறையில் முழுக்க இதற்கே மாறிய வீடுகளுக்கு இன்னொரு நஷ்டம். கழலை நோயைத் தடுக்கச் சாப்பாட்டு உப்பில் அயோடின் சேர்ப்பது 2006 முதல் நாடெங்கும் மீண்டும் கட்டாயம். பாறை உப்பில் இயற்கையாக உள்ள அயோடின் அதற்கு ஈடாகாது. கர்ப்பிணியும் குழந்தையும் உள்ள வீட்டில் இது சின்ன விஷயமல்ல.

'ஆர்.ஓ. தண்ணீர் தாதுக்களை உறிஞ்சிவிடுகிறது, அதனால்தான் உப்புப் போடுகிறோம்' என்பது இங்கே அடிக்கடி கேட்கும் சமாதானம். போர்வெல் தண்ணீரை நம்பியிருக்கும் பகுதியில் ஆர்.ஓ. எந்திரம் இல்லாத சமையலறை அபூர்வம். ஆனால் கணக்குப் போட்டால் கதை வேறு. குடிநீரில் கரைந்திருக்கும் உப்புக்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அப்படிப்பட்ட தண்ணீரை மூன்று லிட்டர் குடித்தாலும் எல்லாத் தாதுக்களும் சேர்ந்து ஒன்றரை கிராம். அதில் சோடியம் ஒரு பங்குதான். அதைவிடப் பல மடங்கு சோறும் குழம்பும் தருகின்றன. ஆர்.ஓ.வால் உண்மையில் குறைவது கால்சியமும் மக்னீசியமும். அவற்றின் இடத்தைச் சோடியம் நிரப்பாது. கேழ்வரகும் கீரையும் தயிரும் நிரப்பும். 2024 அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கி, நகர எல்லையில் சேர்ந்த 110 கிராமங்களுக்குக் குழாய் வரத் தொடங்கியிருக்கிறது. 500-க்குக் கீழே உள்ள தண்ணீருக்கு ஆர்.ஓ. வேண்டாம் என்பது 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்ன கருத்து. காவிரி வரும் வீடுகள் தண்ணீரை ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம்.

இங்கே நேர்மையாக ஒரு சர்ச்சையைச் சொல்லியாக வேண்டும். அதன் ஒரு முனை பெங்களூரில்தான் இருக்கிறது. செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் படித்து, பின்னர் கனடாவில் உலகப் புகழ்பெற்ற இருதய ஆய்வாளரானவர் டாக்டர் சலீம் யூசுஃப். அவர் வழிநடத்திய 'ப்யூர்' ஆய்வு 17 நாடுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கவனித்து 2014-ல் ஒரு குண்டைப் போட்டது. மிக அதிக உப்பு ஆபத்து, மிகக் குறைந்த உப்பும் ஆபத்து என்பதே அது. உலக சுகாதார நிறுவனத்தின் 5 கிராம் எல்லையே தேவையற்ற கெடுபிடி என்று அந்த அணி வாதிட்டது.

எதிர் அணி சும்மா இருக்கவில்லை. ஒரு வேளைச் சிறுநீரை வைத்து ஒருவரின் உப்பை அளப்பது வீட்டுச் செலவை ஒரு நாள் மளிகை ரசீதை வைத்துக் கணக்கிடுவதைப் போன்றது என்பது அவர்களின் ஆட்சேபத்தின் சாரம். ஏற்கெனவே நோயுற்றவர்கள் குறைவாகச் சாப்பிடுவார்கள். அவர்கள் இறந்தால் பழி உப்புக் குறைவின்மேல் விழும் என்றும் சொன்னார்கள். 24 மணி நேரச் சிறுநீரைப் பல நாட்கள் சேகரித்த ஆறு ஆய்வுகளை ஒன்றாக்கி 2022-ல் வெளியான முடிவு, உப்பு ஏற ஏற இருதய ஆபத்தும் நேர்கோட்டில் ஏறுவதையே காட்டியது. சண்டை முழுதாக ஓயவில்லை. ஆனால் இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும் விஷயங்கள் உண்டு. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் குறைக்க வேண்டும்; பழம், காய், பருப்பு வழியாகப் பொட்டாசியம் கூட வேண்டும். தேவையில்லாமல் தண்ணீரில் உப்புக் கலந்து குடிக்கச் சொல்பவர் இரு அணியிலும் இல்லை.

இப்போது ரயிலில் வந்தவரின் கணக்கு. அதைப் புரிந்துகொள்ள அதே ரயிலில் திரும்பிப் போக வேண்டும்.

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரிக்கு மேல். குளிர்ந்த காற்றை எந்திரம் வைத்துக் கீழே அனுப்பியும், வியர்வை உலராத ஈரப் புழுக்கத்தில்தான் பாறையை உடைத்தார்கள். உடைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டிலிருந்தும் அதைச் சுற்றிய மாவட்டங்களிலிருந்தும் போன தமிழர்கள். கீழே மனிதர்கள் திடீரென மயங்கி விழுவது ஏன் என்று சுரங்க மருத்துவர் கேப்லன் 1940-களில் ஆராய்ந்து எழுதினார். லிண்ட்சே என்பவருடன் அவர் 1946-ல் வெளியிட்ட ஆய்வு, ஈரமான வெப்பம் ஏற ஏற உழைக்கும் திறன் எப்படிச் சரிகிறது என்று அளந்தது. வெப்பத்தில் உழைக்கும் உடம்பைப் பற்றி உலகம் கற்ற ஆரம்பப் பாடங்களில் சில தமிழ்த் தொழிலாளரின் உடம்பிலிருந்து எடுக்கப்பட்டவை.

இன்னொரு பாடம் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வந்தது. வியர்த்துக் கொட்டிய தொழிலாளர்கள் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தும் கை கால் தசைகள் முறுக்கிக்கொண்டு துடித்தார்கள். போனது உப்பும் தண்ணீரும். திரும்பி வந்தது தண்ணீர் மட்டும். குடிநீரில் சிறிது உப்புச் சேர்த்ததும் பிடிப்பு நின்றது என்று 1923-ல் மாஸ் என்ற ஆய்வாளர் எழுதினார்.

கோலார் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ந் தேதி மூடப்பட்டன. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் பிழைப்பைத் தேடி ரயிலேறினார்கள். வெப்பம் பூமிக்கு அடியிலிருந்து மேல் மாடிக்கு வந்திருக்கிறது, அவ்வளவே.

வியர்வை லிட்டருக்குச் சராசரியாக 2 கிராம் உப்பைக் கொண்டு போகிறது. ஆளுக்கு ஆள் இது வெகுவாக மாறும். கடும் வெயிலில் கான்கிரீட் சுமப்பவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வியர்ப்பது சாதாரணம். ஒரு ஷிப்டில் 5 லிட்டர் போனால், போகும் உப்பு 10 கிராம். ஸ்டீல் பாட்டில்காரருக்குச் சொன்ன 5 கிராம் எல்லை இங்கே அப்படியே பொருந்தாது.

அதற்காக இவரும் உப்பை அள்ளிப் போட வேண்டும் என்று அர்த்தமில்லை. வெயிலில் வேலை செய்யத் தொடங்கிய ஒன்றிரண்டு வாரத்தில் உடம்பு பழகிவிடுகிறது. வியர்வை கூடும், அதில் உப்புக் குறையும். உழைப்பவர் சாப்பிடுவதும் அதிகம், சோற்றோடு உப்பும் உள்ளே போகிறது. வேளாவேளைக்குச் சாப்பிட்டால் பெரும்பாலும் கணக்கு நேராகிவிடும். ஆபத்து மூன்று இடங்களில் காத்திருக்கிறது: பழகுவதற்கு முந்திய முதல் வாரத்தில், சாப்பாட்டைத் தவற விட்டுத் தண்ணீரிலேயே ஓட்டும் நாளில், வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ இருந்தும் கூலி போய்விடுமே என்று வேலைக்கு வரும் நாளில். வெயிலில் வேலை செய்து இறப்பவர்களில் பெரும்பாலோர் புதிதாகச் சேர்ந்த முதல் சில நாட்களிலேயே இறக்கிறார்கள் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறையின் அனுபவம். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ நேற்று வந்து இன்று சாரம் ஏறுபவரை மேஸ்திரி கவனிக்க வேண்டிய காரணம் இது.

மருந்து பெரிதாக ஒன்றுமில்லை. கால் மணிக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீர், நிழலில் ஓய்வு, மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் குடிக்காமல் இருப்பது, நடுவில் உப்புப் போட்ட மோர். கன்னடத்தில் மஜ்ஜிகே, நமக்கு நீர்மோர். கேழ்வரகுக் கூழும் பழைய சோற்றின் நீராகாரமும் சின்ன வெங்காயமும் இதே சூத்திரம்தான்: தண்ணீர், உப்பு, கொஞ்சம் மாவுச்சத்து. வைட்ஃபீல்டின் சாலையோரத்தில் விற்கும் இளநீரில் பொட்டாசியம் ஏராளம், சோடியம் குறைவு; அதனால் அது நல்ல பானம், ஆனால் கொட்டிய வியர்வைக்கு அது மட்டும் போதாது. ஒரு காலத்தில் ஆலைகளில் கொடுத்த உப்பு மாத்திரையை இன்று பரிந்துரைப்பதில்லை. வயிற்றைப் புரட்டி வாந்தி எடுக்க வைத்துவிடும்.

உப்போடு மாவோ சர்க்கரையோ ஏன் வேண்டும் என்பதற்குப் பின்னால் இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் மருத்துவக் கண்டுபிடிப்பு ஒன்று இருக்கிறது. குடல் சுவரில் சோடியத்தையும் குளுக்கோஸையும் கைகோர்த்து உள்ளே இழுக்கும் கதவுகள் உள்ளன. இரண்டும் சேர்ந்து வந்தால் கதவு திறக்கும், பின்னாலேயே தண்ணீரும் நுழையும். காலராவில்கூட இந்தக் கதவு மூடுவதில்லை. 1971-ல் வங்காளதேச அகதிகள் குவிந்த பன்காவ் முகாமில் சலைன் பாட்டில் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மஹலநபீஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா கலந்த தண்ணீரை டிரம் டிரம்மாக வைத்து, உறவினர்களையே நோயாளிகளுக்கு ஊட்டச் சொன்னார். முப்பது சதவீத அளவில் இருந்த சாவு நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. 2022-ல் காலமான அவருக்கு மறு ஆண்டு பத்ம விபூஷண் வழங்கப்பட்டது.

ஓ.ஆர்.எஸ்.ஸின் உயிர் அதன் அளவில் இருக்கிறது. இப்போதைய சூத்திரப்படி லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9. சர்க்கரை அதிகமானால் குடல் தண்ணீரை உள்ளே இழுப்பதற்குப் பதில் வெளியே தள்ளும்; பேதி கூடும். பல மடங்கு சர்க்கரை கொண்ட பழ பானங்கள் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற பெயரை ஒட்டிக்கொண்டு மருந்துக்கடையில் விற்கப்படுவதை எதிர்த்து ஐதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருடங்கள் தனியாகப் போராடினார். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் அந்தப் பெயரை அத்தகைய பானங்களில் பயன்படுத்தக் கூடாதென்று உத்தரவிட்டது. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிப்பது இன்னும் நல்ல பழக்கம். பாக்கெட் கிடைக்காத அவசரத்தில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பேதியாகும் குழந்தைக்கு இது உயிர். குளிரறையில் உட்கார்ந்து கோட் எழுதுபவருக்கு இது தேவையில்லாத சர்க்கரையும் உப்பும்.

தண்ணீர் குடிக்கத் தெரிந்தும் குடிக்காமல் இருப்பவர்கள் உண்டு. கட்டட வேலைக்கு வரும் சித்தாள் பெண்கள் காலையிலிருந்து தொண்டை நனையாமல் பார்த்துக்கொள்வது அறியாமையால் அல்ல. கழிப்பறை இல்லை, அல்லது இருப்பதற்குக் கதவு இல்லை. குடிநீரும் கழிப்பறையும் கட்டாயம் என்று 1996-ன் கட்டடத் தொழிலாளர் சட்டமே சொன்னது. அதன் இடத்துக்கு வந்திருக்கும் தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் அதையே சொல்கிறது. சட்டம் சாரத்தின் மேல் ஏற இன்னும் நேரம் பிடிக்கிறது. நாளெல்லாம் வியர்த்து, நாளெல்லாம் குடிக்காமல் இருந்தால் சுமை சிறுநீரகத்தின்மேல் விழுகிறது. கல்லும் தொற்றும் பின்னாலேயே வரும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழகத்து உப்பளத் தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். பெரும்பாலோர் பாதுகாப்பான எல்லைக்கு மேற்பட்ட வெப்பத்தில் வேலை செய்வதையும், சிலருக்குச் சிறுநீரகத் திறன் குறைந்திருப்பதையும் கண்டார்கள். ஊருக்கெல்லாம் உப்பு விளைவிப்பவரின் உடம்பில்தான் உப்புக் கணக்கும் நீர்க்கணக்கும் தவறிக் கிடக்கின்றன.

வைட்ஃபீல்டின் அடுக்குமாடிகளில் மூன்றாவதாக ஒரு கூட்டமும் உண்டு. பேரனைப் பார்த்துக்கொள்ள மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வந்து தங்கியிருக்கும் தாத்தா பாட்டிகள். இவர்களின் வீடுகளில் அடிக்கடி ஒலிக்கும் வாக்கியம் 'சோடியம் குறைந்துவிட்டது'. நேற்று வரை நன்றாகப் பேசியவர் இன்று தடுமாறுகிறார், பெயர்களை மறக்கிறார், நடை தள்ளாடுகிறது. ரத்தச் சோதனையில் 135-க்குக் கீழே, சில சமயம் 120-க்கும் கீழே. உடனே வீட்டில் வரும் தீர்ப்பு: 'உப்பே போடாமல் சாப்பிட்டீர்கள், அதான்.'

பெரும்பாலும் அது காரணமல்ல. ரத்தத்தின் சோடியம் அளவு என்பது உப்புக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதம். உப்பு குறையாமலே தண்ணீர் தேங்கினால் எண் இறங்கிவிடும். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் நீர் பிரிக்கும் மாத்திரைகள், மனச்சோர்வுக்கான சில மருந்துகள், இருதய, சிறுநீரகக் கோளாறுகள், 'தினம் நான்கு லிட்டர்' என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் குடித்துத் தீர்ப்பது எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. இளைஞர்களும் விலக்கல்ல. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் சோதிக்கப்பட்ட 488 பேரில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. வழியெல்லாம் அளவுக்கு மீறிக் குடித்ததே முக்கியக் காரணம். முதியவருக்கு உப்பைக் கூட்டுவதா, தண்ணீரைக் குறைப்பதா, மாத்திரையை மாற்றுவதா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். இருதயம் பலவீனமானவருக்கு வீட்டார் அன்போடு கரைத்துக் கொடுக்கும் உப்புத் தண்ணீர் அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கொண்டுபோய் விடும்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு வழிமுறை கிடைக்கிறது. எவ்வளவு உப்பு நல்லது என்று கேட்குமுன், எவ்வளவு வெளியே போயிருக்கிறது என்று கேட்க வேண்டும். வியர்க்காதவருக்குத் தாகத்துக்குத் தண்ணீர், சாப்பாட்டில் குறைந்த உப்பு. ஊறுகாய் ஒரு ஓரத்தில், அப்பளம் விருந்து நாளில். ஒரு மணி நேரம் ஷட்டில் ஆடினாலும் வீட்டுச் சாப்பாடே கணக்கைச் சரிக்கட்டிவிடும். நாளெல்லாம் வியர்ப்பவருக்கு வேளா வேளைக்குச் சாப்பாடு, அடிக்கடி தண்ணீர், நடுவில் மோர். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. கடுங்காப்பி நிறத்துக்குப் போனால் வேலையை நிறுத்தி டாக்டரைப் பார்க்க வேண்டும். வெயிலில் ஒருவர் உளறினாலோ நினைவு தப்பினாலோ அது உப்புப் பிரச்சினையல்ல, வெப்பத் தாக்கு. வாயில் எதையும் ஊற்றாமல், நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுதும் தண்ணீர் விட்டு விசிறியபடி ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

உப்பைக் குறைக்க முடியாத நாக்குகளுக்கு ஒரு மாற்று வந்திருக்கிறது. சோடியத்தில் கால் பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் சேர்த்த உப்பைச் சீனாவின் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடையே சோதித்தார்கள். பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது என்று 2021-ல் முடிவு வெளியானது. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் இதற்குத் தலையசைத்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் பொட்டாசியத்தைக் கூட்டும் மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது.

வைட்ஃபீல்டின் அலுவலகங்களில் எலெக்ட்ரோலைட் பொட்டலத்தை வாங்கி வைக்கும் நல்ல மனசு பல நிர்வாகங்களுக்கு இருக்கிறது. அதே பணத்தில் வாசலில் நிற்கும் செக்யூரிட்டிக்கு ஒரு நிழற்குடையும், எதிரே எழும் கட்டடத்தின் ஒவ்வொரு மாடிக்கும் ஒரு பானைத் தண்ணீரும், தாழ்ப்பாள் உள்ள ஒரு கழிப்பறையும், பதினோரு மணிக்கு ஒரு டம்ளர் மோரும் கிடைக்கும். டாக்டர் யாரும் தேவையில்லாத மருத்துவம் அது.

மாலையில் மாரிக்குப்பம் ரயில் திரும்பும்போது ஜன்னலோரம் சாய்ந்திருப்பவரின் சட்டை முதுகில் வெள்ளை வெள்ளையாய்க் கோடுகள் படிந்திருக்கும். காய்ந்த வியர்வையின் உப்பு. அந்தக் கோடு யார் சட்டையில் இருக்கிறதோ அவருக்குத்தான் ஒரு சிட்டிகை கூடுதல் உப்பு தேவை.